எல்லாக் கணினிகளிலும் உள்ள உள்ளூர் நிர்வாகிக் கணக்குகளைக் கண்காணிப்பது எப்படி?

பின்னல்நகர் எழுதியது:

வணக்கம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அலுவலகக் கணினிகள் விண்டோஸ் டொமைனில், அதாவது எங்கள் மையச் சர்வரின் நிர்வாகத்தில் இருக்கின்றன; விற்பனைப் பிரிவின் மடிக்கணினிகள் மட்டும் மைக்ரோசாஃப்டின் இணையவழிக் கணக்குச் சேவையான என்ட்ராவில் சேர்க்கப்பட்டவை. வரவு செலவுக் கணக்கு மென்பொருளைச் சரிசெய்ய வருகிறவர்கள் ‘சப்போர்ட்’ என்று ஓர் உள்ளூர்க் கணக்கை (அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும் கணக்கை) உருவாக்கி, முழு உரிமை தரும் அட்மினிஸ்டிரேட்டர்ஸ் குழுவிலும் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கும் ஒரே கடவுச்சொல். கிடங்குக் கணினியில் அது கசிந்தால் சம்பளப் பிரிவுக் கணினியும் திறந்துகொள்ளும். இதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, பவர்ஷெல்லின் கெட்-லோக்கல்குரூப்மெம்பர் கட்டளையை எல்லாவற்றிலும் ஓட்டினேன். சில கணினிகளில் பட்டியலே வராமல் பிழையோடு நிற்கிறது. மடிக்கணினிகளிலோ எஸ்-1-12-1 என்று தொடங்கும் நீண்ட எண்கள் தெரிகின்றன. யாரேனும் ஊடுருவியிருக்கிறார்களா?

வேலுச்சாமி:

பதற வேண்டாம், தம்பி. டொமைனில் ஒருவருடைய கணக்கை அழித்தாலும் கணினியின் உள்ளூர்க் குழுவில் அவருடைய எஸ்.ஐ.டி. எண் (ஒவ்வொரு கணக்குக்கும் குழுவுக்கும் விண்டோஸ் தரும் அடையாள எண்) அப்படியே தங்கிவிடும். பெயராக மாற்ற முடியாத அந்த எண்ணில்தான் இந்தக் கட்டளை தடுக்கி விழுகிறது. விண்டோஸிலேயே உள்ள ஏ.டி.எஸ்.ஐ. என்ற பழைய இடைமுகம் வழியாகப் படித்தால் அந்த அநாதை எண்ணும் சேர்ந்தே பட்டியலில் வரும். குழுவைப் பெயரால் தேடவும் வேண்டாம். விண்டோஸ் எந்த மொழியில் இருந்தாலும் அட்மினிஸ்டிரேட்டர்ஸ் குழுவின் எண் எஸ்-1-5-32-544தான். அதேபோல் எண் 500 என்று முடியும் கணக்குதான் பிறவி நிர்வாகி, அதாவது விண்டோஸோடு வரும் நிர்வாகிக் கணக்கு. யாராவது பெயரை மாற்றி வைத்திருந்தாலும் அகப்பட்டுவிடும்.

மடிக்கணினிகளில் எஸ்-1-12-1 எண்கள் இரண்டு இருப்பது இயல்பு. என்ட்ராவின் குளோபல் அட்மினிஸ்டிரேட்டர் பொறுப்புக்கு ஒன்று, சாதன உள்ளூர் நிர்வாகிப் பொறுப்புக்கு ஒன்று. உங்கள் நிறுவனம் முழுவதும் அவை ஒரே எண்களாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று இருந்தால் விசாரியுங்கள். பெரும்பாலும் மடிக்கணினியை என்ட்ராவில் சேர்த்த ஊழியரே அது. முன்னிருப்பு அமைப்பில் சேர்ப்பவருக்கு நிர்வாகி உரிமை கிடைத்துவிடுகிறது. விற்பனைப் பிரதிநிதிக்கு அந்த உரிமை எதற்கு?

இரவுப்பணி:

வாரம் ஒரு பட்டியல் எடுத்தால் போதாது. திங்கள்கிழமை சேர்த்து வெள்ளிக்கிழமை நீக்கினால் தடயம் தெரியாது. ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸ் எழுதிவைக்கும் பாதுகாப்புப் பதிவில் நிகழ்வு எண் 4720 என்றால் கணக்கு உருவானது, 4732 என்றால் உள்ளூர்க் குழுவில் ஒருவர் சேர்க்கப்பட்டார், 4733 என்றால் நீக்கப்பட்டார். சேர்த்தது யார் என்பதும் 4732இலேயே இருக்கும். ஆனால் சேர்க்கப்பட்டது உள்ளூர்க் கணக்கென்றால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருக்கும். எஸ்.ஐ.டி. எண்ணை 4720இல் உள்ளதோடு பொருத்திப் பாருங்கள், பெயர் கிடைத்துவிடும்.

அந்தப் பதிவின் முன்னிருப்பு அளவு 20 எம்.பி.தான், நிறைந்ததும் பழையது அழியும். எனவே விண்டோஸிலேயே உள்ள ஈவென்ட் ஃபார்வர்டிங் வசதியை வைத்து எல்லாக் கணினிகளின் பதிவுகளையும் ஒரு சர்வருக்கு அனுப்புங்கள். அதற்குத் தனி மென்பொருள் வாங்கவேண்டியதில்லை.

பின்னல்நகர்:

மிக்க நன்றி. ஏ.டி.எஸ்.ஐ.யில் எல்லாக் கணினிகளும் பதில் தந்துவிட்டன. மூன்றாவது எண் சில மடிக்கணினிகளில் இருக்கிறது; ஐயா சொன்னபடி ஊழியர்களுடையதே. ‘சப்போர்ட்’ கணக்கை ஒரேயடியாக அழித்துவிடலாமா?

வேலுச்சாமி:

முதலில் குழுவிலிருந்து நீக்கி, கணக்கை முடக்கி வையுங்கள். கணக்கு மென்பொருளின் சேவை ஏதாவது அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிறகு அழிக்கலாம்.

டொமைன் கணினிகளுக்கு, அமைப்புகளை மொத்தமாக விதிக்கும் குரூப் பாலிசியிலும், மடிக்கணினிகளுக்கு, அதே வேலையை இணையவழி செய்யும் இன்டியூனிலும் அட்மினிஸ்டிரேட்டர்ஸ் குழுவில் இருக்கவேண்டியவர்களை மட்டும் எழுதிவிடுங்கள். மற்றவர்கள் தாமாக வெளியேறுவார்கள். மென்பொருளைச் சரிசெய்ய வருகிறவர்களுக்கு, உள்ளூர் நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தானாக மாற்றிப் பாதுகாக்கும் விண்டோஸ் லாப்ஸ் தரும் கடவுச்சொல்லைக் கொடுங்கள். 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸிலேயே இருக்கிறது. கணினிக்குக் கணினி வேறு கடவுச்சொல். அவர்கள் கிளம்பியதும் மாற்றிவிடலாம்.