சொல் வேண்டும்: பெட்ரோல் மிஞ்சி என்ஜின் கிளம்பாத நிலை

குழுவினருக்கு வணக்கம். கடலூரில் தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான மோட்டார் வாகனக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிலிண்டருக்குள் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி, ஸ்பார்க் பிளக் நனைந்து, பொறி விழாமல் என்ஜின் கிளம்ப மறுப்பதற்கு என்ன சொல்லலாம்? ஆங்கில 'ஃப்ளடிங்'கைப் பார்த்து 'என்ஜின் வெள்ளம்' என்று எழுதியிருந்தேன். "ஃபெஞ்சல் புயலில் எங்கள் தெருவில் நடந்ததுதானே ஐயா?" என்றான் ஒரு மாணவன். உடனே அடித்துவிட்டேன், சொல்லைத்தான்.

*புதுச்சேரியிலிருந்து:*
பிரெஞ்சுக்காரர்கள் 'மூழ்கிய என்ஜின்' என்றே சொல்வார்கள். பாரிஸ் குளிரில் என் பழைய காரோடு மல்லுக்கட்டிய நாட்களில் தினமும் கேட்ட சொல். 'மூழ்கல்' போதாதா?

*கடலூர், மொழிபெயர்ப்பாளர்:*
போதாது ஐயா, ஆபத்தும்கூட. மழைநீர் புகுந்த என்ஜினில் சாவியைத் திருப்பவே கூடாது. நீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பெட்ரோல் மிஞ்சியதற்கோ, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சில நொடி சுழற்றுவதுதான் வைத்தியம். இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டிகள் பலவற்றில் அப்படி மிதித்தால் பெட்ரோல் வரத்தே நின்று, காற்று மட்டும் உள்ளே போகும். ஒன்றின் மருந்து மற்றதற்கு நஞ்சு. இரண்டுக்கும் ஒரே பெயரா?

*நெல்லிக்குப்பம், தமிழாசிரியர்:*
'தேக்கம்' இருக்க ஏன் தவிப்பு? தேக்குதல் என்றால் நிறைதல். தேக்கெறிதல் என்றால் ஏப்பம் விடுதல். உள்ளே தேங்கியதைப் புகைக்குழாய் வழியே நாறவிடும் என்ஜினுக்கு இரண்டும் பொருந்தும். திகட்டு, தெவிட்டு எல்லாம் இதே வேர் என்பது என் துணிபு. தனி மடலில் விரித்து எழுதுகிறேன். 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். பெட்ரோலையும் விட்டுவிடுங்கள். கல்+நெய், கன்னெய். ஆக, 'கன்னெய்த் தேக்கம்'.

*கடலூர் முதுநகர், பட்டறைக்காரர்:*
எங்களுக்கு அது 'ஓவர்ஃப்ளோ'. ஆறிய வண்டியைக் கிளப்பி, வாசலிலிருந்து நாலடி தள்ளி நிழலில் நிறுத்தி, உடனே அணைப்பார்கள். மறுபடி கிளம்பாது. பிளக்கைக் கழற்றித் துடைத்துக் கொடுப்பேன். விலை குறைவென்று புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் கன்னியக்கோயில் வரை போய் நிரப்பிய பெட்ரோல் இப்படிப் போகிறது! கன்னெய் என்றால் என் பையன்கள் கடைக்குப் போய் நெய் வாங்கி வருவார்கள்.

*புதுச்சேரி, விரிவுரையாளர்:*
பட்டறைக்கார அண்ணனிடம் ஒரு திருத்தம். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணம் வழிவதையும் ஓவர்ஃப்ளோ என்கிறார்கள், அது வேறு. 'மிகை' என்றும் வைக்க முடியாது. எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது சரியான கலவை. பெட்ரோல் அதற்குச் சற்று மிகுந்தாலும் என்ஜின் ஓடும், நிறைய மிகுந்தால் கரும்புகை தள்ளிக்கொண்டு. 'பிளக் நனைவு' என்றால் என்ஜின் ஆயிலில் நனைவதும் அதில் வந்துவிடும். அந்தக் குறளில் நூலோர் எண்ணியதாக வள்ளுவர் சொல்லும் மூன்றில் (வாதம், பித்தம், கபம்) வளி, அதாவது காற்று, உண்டு, பெட்ரோல் இல்லை. ஆனாலும் ஆசிரியர் ஐயாவின் 'தேக்கம்' எனக்குப் பிடித்திருக்கிறது.

*கடலூர், மொழிபெயர்ப்பாளர்:*
நாளை வெள்ளி. 'பெட்ரோல் தேக்கம்' என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் 'பட்டறையில் ஓவர்ஃப்ளோ என்பார்கள்' என்ற விளக்கம் வரும். புதுச்சேரி விரிவுரையாளர் ஐயா மன்னிக்க வேண்டும்.

*நெல்லிக்குப்பம், தமிழாசிரியர்:*
என் மறுப்பைப் பதிவு செய்யவும். லகரத்தின் முன் தகரம் வந்தால் அது 'பெட்ரோற்றேக்கம்' ஆகிவிடும். இதற்காகத்தான் கன்னெய் என்றேன்.