எளிமையாக்கும் வேலையைச் செயலியிடம் விட்டுவிட்டால் போதுமா?

நேர்வழி:
அறிதிறன் குறைபாடு உள்ளவர்களுக்காக ஒவ்வோர் இணையதளத்தையும் எளிய நடையில் திருத்தி எழுத வேண்டும் என்ற கோரிக்கைக்கு இனி அவசியம் இல்லை என்று கருதுகிறேன். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சிறு வாக்கியங்களாக மாற்றித் தருகின்றன, வாசித்தும் காட்டுகின்றன. மறதிநோய் உள்ளவர், பக்கவாதத்தால் மொழித்திறன் குன்றியவர், டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவர் ஆகியோரின் தேவைகள் வெவ்வேறானவை என்பதால், அவரவர் கருவியே அவரவருக்கு ஏற்றபடி மாற்றித் தருவதுதான் முறை. நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தினால், ஒப்புக்கு ஓர் எளிய பதிப்பை வெளியிட்டுவிட்டு அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள்.

மல்லிகை:
தனியே வைக்கப்படும் எளிய பதிப்பு பழசாகிப் போகும் என்பது சரிதான். அதனால்தான் மூலப் பக்கமே தெளிவாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒரு மருந்துக் குறிப்பில் உள்ள "சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது" என்ற வரியை விட்டுவிட்டு, "நாளுக்கு இரண்டு வேளை சாப்பிடவும்" என்பதை மட்டும் செயலி எடுத்துக் கொடுத்தால், விடுபட்டதைக் கண்டுபிடிக்க மூலத்தை வாசித்தாக வேண்டும். மூலத்தை வாசிக்க முடியாமல்தானே அவர் செயலியை நாடினார்? நீங்களும் நானும் சரிபார்த்துக்கொள்வோம். பிழையின் விளைவு முழுவதும் சரிபார்க்க வழியற்றவர் தலையில் விழும்.

மேலும், தடை உரையில் மட்டும் இருப்பதில்லை. விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு என் அண்ணனுக்குச் சற்று முன் பார்த்தது நினைவில் நிற்பதில்லை. கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் பார்த்துவிட்டுப் படிவத்துக்குத் திரும்புவதற்குள் கடைசி மூன்று இலக்கங்கள் மறந்துவிடும். அந்தப் பெட்டியில் நகலெடுத்து ஒட்டவும் வழி கிடையாது. மறுபடி பார்த்து வருவதற்குள் நேரம் முடிந்து, அதுவரை நிரப்பிய அனைத்தும் அழிந்துவிடும். படிவத்தில் உள்ள சொற்கள் அத்தனையும் அவருக்குப் புரிகின்றன. எந்தச் செயலி இதற்கு உதவும்?

நேர்வழி:
அது வடிவமைப்பின் குறை, திருத்தத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காக 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு, உள்நுழைவதற்கு நினைவாற்றலைச் சோதிக்கும் வழியை மட்டும் வைக்கக் கூடாது என்பதை அதன் மூன்று நிலைகளில் நடுவான 'ஏஏ' நிலையிலேயே வைத்துவிட்டது. மொழியின் கதை வேறு. வாசிப்பு நிலை பற்றிய விதி அதே ஆவணத்தில் 'ஏஏஏ' என்னும் உச்ச நிலையில்தான் இருக்கிறது. ஒரு பெட்டியில் எண்ணை ஒட்ட முடிகிறதா என்பதை யாரும் சோதித்துச் சொல்லிவிடலாம். ஒரு பத்தி எளிமையாக இருக்கிறதா என்பதில் இருவர் ஒத்துப்போக மாட்டார்கள். அளக்க முடியாததை எப்படிக் கட்டாயமாக்குவது?

திண்ணை:
அளக்க முடியும். எளிய மொழிக்கென 2023-இல் வெளியான ஐஎஸ்ஓ 24495-1 என்னும் பன்னாட்டுத் தரநிலை, வாசகர் தமக்குத் தேவையானதைக் கண்டறிகிறாரா, புரிந்துகொள்கிறாரா, பயன்படுத்துகிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. ஐரோப்பாவின் எளிய வாசிப்பு நெறிமுறைகள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களே வரைவை வாசித்துச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. சிறப்பாசிரியராக நான் பார்த்தவரை, ஒருவர் எந்த வரியில் தயங்கி நிற்கிறார் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கே இடம் இருப்பதில்லை.

நேர்வழி:
சிறிய அமைப்புகள் அதற்கான ஆட்களுக்கும் பணத்துக்கும் எங்கே போகும்? ஒன்றும் இல்லாததற்குச் செயலியாவது இருக்கிறதே.

மல்லிகை:
செயலியை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, அண்ணனும் பயன்படுத்துகிறார். ஆனால் அதற்காக அவர் தம் மருத்துவமனைக் கடிதத்தை யாரோ ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. தரமான சேவை வேண்டுமென்றால் மாதச் சந்தாவும் கட்ட வேண்டும். பொதுமக்களுக்கான தகவல் மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய நேரத்தில், கூடுதல் செலவின்றிக் கிடைக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை 21-ஆம் பிரிவில் சொல்கிறது. எல்லாப் பக்கங்களையும் ஒரே நாளில் திருத்தச் சொல்லவில்லை. மருந்து, பணம், உதவித்தொகை, ஒப்புதல் கையெழுத்து ஆகிய நான்கும் வரும் பக்கங்களில் தொடங்கலாம். அந்தப் பக்கங்களுக்குக்கூட ஆள் இல்லை என்று சொல்லும் அமைப்பு, அதே பக்கத்தில் "படித்துப் புரிந்துகொண்டேன்" என்ற பெட்டியில் மட்டும் ஏன் குறியிடச் சொல்கிறது?