கைகாட்டி வைத்த கார்

பழைய கார்களை எதிர்பாராத இடத்தில் சந்தித்த அனுபவங்களை மற்றவர்கள் எழுதியதைப் படித்தபோது, எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. போன மாதம் நடந்தது இது.

என் மகளுக்கு நான்கரை வயது. பேச்சு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கார்தான் உலகம். உறங்கும்போதும் கைக்குள் ஒரு பொம்மைக் கார் இருக்கும். விரலைப் பிரித்து எடுத்தால் விழித்துக்கொள்வாள். சாலையில் போகும் கார்களை முகம் பார்த்து இனம் பிரிப்பாள். இது கோபக்காரக் கார், இது தூக்கக் கலக்கத்தில் இருக்கிறது என்பாள். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, பொம்மைக் காரின் சக்கரம் உருள்வதைக் கண்ணுக்கு நேராக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் சிறுவயதில் அப்படித்தான் கிடப்பேன் என்று அம்மா சொல்வார்.

அன்று நடந்து வரும்போது என் கையை உதறிவிட்டு நின்றுவிட்டாள். மரத்தடியில் ஒரு மோரிஸ் மைனர், பழைய பிரிட்டிஷ் கார்.

“அப்பா, இது சிரிக்கிறது.”

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. நான் பிறந்தபோது எங்கள் வீட்டில் இருந்தது அதே மாடல்தான். எனக்கு ஒன்பது வயதானபோது அப்பா அதை விற்றார். அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை.

சாலையைக் கடந்து ஒரு பெரியவர் வந்தார். கார் அவருடையதுதான். குழந்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, “தொட்டுப் பார் அம்மா, ஒன்றும் ஆகாது” என்றார். 1958-ஆம் ஆண்டு வண்டி, 948 சி.சி. எஞ்சின் என்று என்னிடம் சொன்னார்.

பானெட்டின் நடுவே முன்னிருந்து பின்வரை ஓடும் தட்டையான பட்டையின்மேல் அவள் விரலை வைத்து நகர்த்தினேன். என் அப்பா என் விரலைப் பிடித்துச் செய்தது அது. மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 1959-இல் மினி என்ற சிறிய காரைத் தந்தவரும் அவர்தான். 1948-இல் மைனர் வெளிவருவதற்குச் சற்று முன்பு, கார் ஒடுங்கலாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிவைத்துப் பார்த்து, கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். 4 அங்குலம் கூடியது. அந்த ஒட்டுத்தான் பானெட்டில் பட்டையாக நிற்கிறது. பம்பர்களோ ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்ததால், தொடக்கக் கால வண்டிகளில் அவற்றையும் வெட்டி நடுவில் துண்டு சேர்த்தார்கள்.

“வெட்டினபோது வலித்ததா?” என்று காரிடமே கேட்டாள்.

பெரியவர் கதவைத் திறந்து அவளை உள்ளே உட்கார வைத்தார். தோலும் பெட்ரோலும் பழைய துணியும் கலந்த அந்த வாசனை வந்ததும் நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். வேகமானி டாஷ்போர்டின் நடுவில் இருந்தது. 1954-இன் பிற்பகுதியிலிருந்து வந்த மைனர்களில் அப்படித்தான். அதனால்தான் பின்னிருக்கையில் இருந்த என்னால், முன்னிருக்கைகளுக்கு இடையே தலையை நீட்டி முள்ளைப் பார்த்து, அப்பாவுக்கு வேகத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே வர முடிந்தது. அந்த வேலையை நான் எவ்வளவு பொறுப்பாகச் செய்தேன்!

அவர் சாவியைத் திருப்பினார். டக் டக் டக் என்று ஓர் ஒலி. கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து நின்றது. அது என்ன என்று அவள் கேட்டாள். பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் மின்பம்பு, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும் என்று விளக்கினார். இன்றைய கார்கள் பலவற்றில் திரும்பும்போது போடும் சிக்னலின் டிக் டிக் ஒலிகூட ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. பழைய காரில் ஒவ்வொரு சத்தத்துக்கும் பின்னால் ஒரு பாகம் இருந்தது. குழந்தை கேட்டால் கைநீட்டிக் காட்ட முடிந்தது. பழைய கார்களை நான் நேசிப்பதற்கு அழகைவிட இதுவே பெரிய காரணம்.

பிறகு சிக்னல் விசையைத் தட்டினார். முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே உள்ள தூணிலிருந்து, ரயில் கைகாட்டிபோல ஒரு சிறு கை வெளியே நீண்டது. உள்ளே மஞ்சள் விளக்கு. மைனரில் 1961 வரை இதுதான் சிக்னல். கண் சிமிட்டும் விளக்குகள் அதற்குப் பிறகு வந்தன. மகள் வாயைத் திறந்தபடி இருந்தாள். மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள். ஏழோ எட்டோ முறை அவர் சலிக்காமல் செய்தார். ஒருமுறை கை வரவில்லை. அவர் விசையை விட்டுவிட்டு முஷ்டியால் தூணில் ஒரு குத்து விட்டார். கை நீண்டது. அதே குத்து! என் அப்பா ஒவ்வொரு மழைக்காலத்திலும் விட்டது.

ஒரு சுற்றுப் போய் வரலாமா என்று கேட்டார். பின்னிருக்கையில் பெல்ட் இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது என்னால் யோசிக்காமல் இருக்க முடியாது. நன்றி சொல்லி மறுத்தேன். அவள் அழுதாள். அவருக்குப் புரிந்தது. எங்களுக்காகவே மெதுவாக ஓட்டிச் சென்று, திருப்பத்தில் கையை நீட்டிக் காட்டிவிட்டு மறைந்தார்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் அவள் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கை பக்கவாட்டில் நீள்கிறது. சமையலறைக்கு இடதுகை, படுக்கையறைக்கு வலதுகை. சில நேரம் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். நான் எழுந்து போய் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.