நாய்க்குச் சர்க்கரை நோய்: எங்கள் வீட்டு அனுபவம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். எங்கள் ரோசிக்கு எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. ஹீட் (பெண் நாய் இணை சேரும் பருவம்) முடிந்த சில வாரங்களில் ஆரம்பித்தது. சட்டித் தண்ணீரைக் காலி செய்துவிட்டு பாத்ரூம் பக்கெட்டில் போய் வாய் வைப்பாள், ராத்திரியில் வெளியே போகணும் என்று கதவைப் பிறாண்டுவாள், எவ்வளவு சோறு போட்டாலும் தின்றுவிட்டு இன்னும் கேட்பாள், ஆனாலும் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரியும் அளவுக்கு இளைத்துப்போனாள். குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்த்து உறுதி செய்தார்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு, ஹீட்டுக்கு அப்புறம் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. அதனால் கருத்தடை ஆபரேஷனும் செய்யச் சொன்னார்கள். அது முடிந்த பிறகுதான் டோஸ் ஒரு நிலைக்கு வந்தது. பெண் நாய் வளர்ப்பவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நமக்கு மாத்திரையிலேயே ஓடுகிற மாதிரி நாய்க்கு ஓடாது. அனேகமாக எல்லா நாய்க்கும் இன்சுலின்தான், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க. காலை ஏழு, இரவு ஏழு. முதலில் சாப்பாடு, தட்டு காலியானதைப் பார்த்த பிறகு ஊசி. பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்டி, விலாப்பக்கம் தோலைத் தூக்கிப் பிடித்துப் போடுவேன். ஊசி மயிரிழை மாதிரி இருக்கும், ரோசி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

எல்லாரும் கவனிக்க வேண்டியது சிரிஞ்சு. நம்ம ஊர் மெடிக்கலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினும் இருக்கும், 100 யூனிட் உள்ளதும் இருக்கும். 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 இன்சுலினைச் சிவப்பு மூடியில் இழுத்தால் கோடு 4 என்று காட்டும், உள்ளே போவது 10. சின்ன நாய்க்கு அது உயிருக்கே ஆபத்து. கடைக்காரர் அவசரத்தில் எதைக் கொடுத்தாலும், பாட்டிலையும் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது கரண்ட் இல்லை, தெருவெல்லாம் தண்ணீர். பாட்டிலை ஒரு டப்பாவில் போட்டு மூடி, ஈர மண்பானைக்குள் வைத்தோம். திறந்த பாட்டில் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் சில நாள் தாங்கும். ஐஸில் நேரடியாக வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்ததுமே ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கி வைத்துவிடுகிறேன்.

—

அக்கா, நான் கடலூர் மஞ்சக்குப்பம். எங்களுடையது பொமரேனியன், ஆண். நீங்கள் சொன்ன சாப்பாடு, ஊசி வரிசையெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தின்றதை அத்தனையும் வாந்தி எடுத்துவிட்டான். அப்புறம் பின்னங்கால் பின்ன ஆரம்பித்தது, கூப்பிட்டால் எங்கேயோ பார்க்கிறான், உடம்பெல்லாம் நடுக்கம். சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்து, குளுக்கோஸ் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஈறில் தேய்த்துக்கொண்டே ஆட்டோ பிடித்தோம். அந்த நேரத்தில் வாயில் தண்ணீரை ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். டாக்டர் டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான் தலையைத் தூக்கினான். ஈறில் தேய்த்தது நல்லதாகப் போயிற்று என்றார். தேன் இருந்தாலும் போதுமாம். அன்றிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட் இல்லாமல் அவனோடு தேவனாம்பட்டினம் பீச்சுக்குக்கூடப் போவதில்லை. சாப்பிடாமல் அடம்பிடித்தால் ஊசியைத் தொடாமல் முதலில் டாக்டருக்குப் போன் போடுவேன். ஒரு வேளை சர்க்கரை ஏறினால் சமாளிக்கலாம், இறங்கினால் நேரமே கிடைக்காது.

இவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. சர்க்கரை வந்த நாய்களில் நிறையப் பேருக்கு இது வருமாம். சாமான்களை இடம் மாற்றாமல் வைத்திருப்பதால் வீட்டுக்குள் முட்டாமல் நடக்கிறான். ரோசிக்குக் கண் எப்படி இருக்கிறது அக்கா? நாய்க்குப் புரை ஆபரேஷன் செய்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே செய்தீர்கள், அப்புறம் பார்வை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.