குழந்தைகள் இல்லத்தில் பெற்றோர் விழா வைக்கச் சொல்கிறார்கள், எப்படி நடத்துவது?

திண்டிவனத்துக்காரி:
வணக்கம். குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு இல்லம், பக்கத்து ஊர்களில் மாலை நேர வகுப்பு, இதுதான் எங்கள் வேலை. ஜூன் 1 உலகப் பெற்றோர் தினமாம், ஐ.நா. 2012-ல் அறிவித்தது, அன்று பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு விழா எடுக்கலாம் என்று நிர்வாகத்தில் முடிவாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளில் பலர் ஆயாவிடமோ (பாட்டியைத்தான் சொல்கிறேன்) பெரியம்மாவிடமோ வளர்கிறவர்கள், சிலருக்கு அம்மா மட்டும், அவரும் செங்கல் சூளைக்குப் போய்விட்டால் மாதக்கணக்கில் வர மாட்டார், ஒன்றிரண்டு பேரைப் பார்க்க யாருமே வருவதில்லை. இதில் பாத பூஜை வேறு வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

கரிசல்காடு:
பாத பூஜை வேண்டவே வேண்டாம். குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த பிள்ளையும் இல்லத்தில் இருக்கும், அதைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்த்தி அவன் காலைக் கழுவச் சொல்வீர்களா? யாரும் வராத பிள்ளை அந்த நேரத்தில் எங்கே போய் நிற்கும்? அப்புறம் தேதி. சூளை வேலை மழை தொடங்கும் வரை ஓடும், ஜூன் 1 என்றால் பாதிப்பேர் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு அங்கேயே கிடப்பார்கள். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், ஐ.நா. கோபித்துக்கொள்ளாது.

மஞ்சப்பை:
பாத பூஜையை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம். எங்கள் ஊர்ப் பள்ளியில் வைத்தபோது வாய்விட்டு அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இல்லத்துக்கு அது சரிவராது, ஒத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த மாதிரி விழாக்களில் முன்வரிசை நன்கொடையாளர்களுக்கு, ஆயாக்கள் கடைசி பெஞ்சில். சிறப்பு விருந்தினர் பேசிப் பேசி மதியம் ஆகிவிடும், கடைசி பஸ்ஸை நினைத்து அவர்களுக்கு உள்ளுக்குள் பதறும். ஒரு விழாவில் பொன்னாடை போர்த்திய ஆயா ஒருவர் வெளியே வந்து அதை மடித்துக்கொண்டே, “இத என்னா பண்றது, ஒரு பொடவையா குடுத்திருந்தா கட்டிக்குவேன்” என்றார். வர போக பஸ் காசு கையில் கொடுங்கள், ஒரு நாள் கூலி போகிறதே என்பதையும் யோசியுங்கள், வயிறாரச் சாப்பாடு போடுங்கள். இல்லத்தில் சமைக்கிற அக்கா, இரவில் காய்ச்சல் பிள்ளையோடு விழித்திருக்கிற வார்டன் அம்மா, இவர்களையும் அதே முன்வரிசையில் உட்காரவையுங்கள். யாரும் வராத பிள்ளைக்கு அன்று இவர்கள்தான் ஆள்.

வழக்குமன்றம்:
எல்லாரும் மறக்கிற ஒன்று, போட்டோ. இல்லத்துப் பிள்ளைகளின் முகமோ பெயரோ பேஸ்புக்கில் போகக் கூடாது. 2015 இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74 அதைத் தடுக்கிறது, மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். நன்கொடையாளர் செல்பி எடுக்க வருவார், வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா அம்மா யாரையாவது பிள்ளை பார்க்கக் கூடாது என்று குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டிருந்தால் அவருக்கு அழைப்பு போய்விடாமல் கோப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரிசல்காடு:
இன்னொன்று. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்கிற அரசு அலுவலகத்திலிருந்து ஒருவரை வரச்சொல்லி ஓரமாக ஒரு மேசை போடுங்கள். உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வரை உதவி உண்டு, தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. எது யாருக்குப் பொருந்தும் என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். ரேஷன் கார்டு, ஆதார், இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லி அழைப்பிலேயே எழுதிவிடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

திண்டிவனத்துக்காரி:
ரொம்ப நன்றி. ஜூலைக்கு மாற்றச் சம்மதம் வாங்கிவிட்டேன், பாத பூஜையும் போயிற்று. பொன்னாடை மட்டும் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டார்களாம், கடைக்காரர் புடவையாக மாற்றித் தருவாரா என்று நாளைக்குக் கேட்கப் போகிறேன்.