மாத்திரையா, சக்‌ஷனா: ஓபியில் தினமும் வரும் கேள்விக்கு நால்வர் பதில்

குடும்பநல ஆலோசகர்:

கருக்கலைப்புக்கு வருகிறவர்களில் பலர் வாசலிலேயே முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். "மாத்திரை போதும், கத்தி வைக்க வேண்டாம்" என்பார்கள். மாத்திரை அவ்வளவு சின்ன விஷயம் இல்லை, கருவைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷனில் கத்தியே கிடையாது. அதனால் இரண்டையும் விளக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடைசியாக வந்த மாதவிடாயின் முதல் நாள் எது?

"தள்ளிப்போய்ப் பத்து நாள்தான் ஆகுது" என்று பதில் வரும். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவருக்கு அது 38 நாள், அதாவது ஐந்தரை வாரம். தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணினால் நான்கு வாரம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இந்தியாவில் மாத்திரைக்கு 63 நாள், ஒன்பது வாரம்தான் எல்லை. பப்பாளி, எள்ளும் கருப்பட்டியும், அன்னாசி என்று இரண்டு வாரத்தைப் போக்கிவிட்டு வருகிறவர்களுக்குப் பல சமயம் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

அடுத்தது வீட்டு நிலவரம். கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா, இரண்டாவது மருந்து போடும் நாளில் துணைக்கு ஆள் உண்டா, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி போக வண்டி கிடைக்குமா? ஒற்றை அறை வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரை போடுவது மிகவும் சிரமம். நான்கைந்து மணி நேர வலியையும் ரத்தப்போக்கையும் எங்கே ஒளித்து வைப்பது? அப்படிப்பட்டவருக்கு சக்‌ஷன்தான் நல்லது என்பது என் கருத்து. காலையில் வந்தால் பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். உள்பரிசோதனை என்றாலே உடம்பு நடுங்குகிறவருக்கு, வீட்டில் ஆதரவும் இருந்தால், மாத்திரை பொருந்தும்.

மகப்பேறு வார்டு செவிலியர்:

மாத்திரை முறையில் தவறு நடக்கும் இடங்களைச் சொல்கிறேன். கிட்டில் ஐந்து மாத்திரை இருக்கும். மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. ஒன்று, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் நான்கு. முதல் மாத்திரை, கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தடுக்கிறது. அன்றைக்குப் பலருக்கு ஒன்றுமே தெரியாது. "மருந்து வேலை செய்யலை போல" என்று பயந்து மீதியையும் உடனே போட்டுக்கொள்ளக் கூடாது. 24 முதல் 48 மணி நேரம் காத்திருந்தால்தான் கர்ப்பப்பை தயாராகும். முதல் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மறுபடி போட வேண்டியிருக்கலாம்.

நான்கு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. விழுங்கினால் பலன் குறையும், வாந்தியும் பேதியும் கூடும். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு ஒதுக்கிவைத்து அரை மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். மாவு மாதிரி கரையும், வாய் வறளும். மிச்சத்தைத் தண்ணீர் குடித்து விழுங்கிவிடலாம். நாக்குக்கு அடியிலும் வைக்கலாம். பிறப்புறுப்பு வழியாக வைக்கும் முறையும் உண்டு.

ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் ரத்தப்போக்கு தொடங்கும். வழக்கமான மாதவிடாயைவிட அதிகம், கட்டியும் வரும். வலிக்கு பாராசிட்டமால் மட்டும் போதாது. அல்சர், ஆஸ்துமா இல்லாதவர்கள் மிசோப்ரோஸ்டாலுக்கு அரை மணி முன்பே ஐபுபுரூஃபன் 400 மி.கி. போட்டுக்கொள்ளலாம், அது மருந்தின் வேலையைக் கெடுக்காது. அன்று குளிரும் லேசான காய்ச்சலும் வருவது மருந்தால். மறுநாளும் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் நின்றால் அது தொற்றாக இருக்கலாம்.

எப்போது ஓடி வர வேண்டும்? பெரிய பேட் மணிக்கு இரண்டு வீதம் முழுசாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால். தலைசுற்றி விழுந்தால். துர்நாற்றத்தோடு கசிவு இருந்தால். 24 மணி நேரம் ஆகியும் ரத்தமே படவில்லை என்றாலும் வர வேண்டும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். லேசான ரத்தக்கசிவு இரண்டு வாரம் வரை நீடிப்பது சகஜம்.

மகளிர் நோய் மருத்துவர்:

சிஸ்டர் கடைசியாகச் சொன்னதைத் தொடர்கிறேன். ரத்தமே வராமல் இருப்பதற்கு ஒரு காரணம் கரு கர்ப்பப்பைக்குள் வராமல் சினைக்குழாயிலேயே தங்கியிருப்பது. மாத்திரை அதை ஒன்றும் செய்யாது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என்றால் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், அட்ரீனல் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள், கடும் ரத்தசோகை உள்ளவர்களுக்கு மாத்திரை தருவதில்லை. கருத்தடைக்கு வைத்த காப்பர் டி உள்ளே இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும்.

ஒன்பது வாரத்துக்குள் 100 பேரில் 95 முதல் 98 பேருக்கு மாத்திரையிலேயே முடிந்துவிடும். மீதிப் பேருக்குக் கூடுதல் மருந்தோ சக்‌ஷனோ தேவைப்படும். கர்ப்பம் தொடர்ந்தால் "சரி, வைத்துக்கொள்ளலாம்" என்று எளிதாக விடக்கூடாது, மிசோப்ரோஸ்டால் சிசுவின் கை கால் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும்.

சக்‌ஷனில் கர்ப்பப்பை வாய்ப்பகுதியைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டு, 60 மி.லி. சிரிஞ்சில் வெற்றிடம் உண்டாக்கி, வளையும் பிளாஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சுகிறோம். குழாயின் அளவு ஏறக்குறைய வாரக் கணக்குதான்: எட்டு வாரத்துக்கு 8 மி.மீ. பன்னிரண்டு வாரம் வரை இப்படிச் செய்யலாம், பத்து நிமிடத்துக்குள் முடியும். அதன் பிறகு செய்வதை அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. வந்த திசுவை வடிகட்டியில் அலசி, கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு, அடியில் வெளிச்சம் வைத்துப் பார்க்க வேண்டும். கருத்திசு வெண்பஞ்சு இழையாகப் பிரிந்து மிதக்கும், ரத்தக்கட்டி அப்படிப் பிரியாது. இழை தெரியவில்லை என்றால் கரு உள்ளேயே தங்கியிருக்கலாம், இல்லையென்றால் சினைக்குழாயில் இருக்கலாம். எப்படியானாலும் அன்றே ஸ்கேன்.

பழைய முறைப்படி கரண்டி போன்ற கருவியால் சுரண்டுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அதை விட்டு உறிஞ்சும் முறைக்கு மாறச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். "கழுவணும்" என்று சொன்னால் சக்‌ஷனா, சுரண்டலா என்று தயங்காமல் கேளுங்கள். சக்‌ஷனிலும் தொற்று, திசு மிச்சம், அரிதாகக் கர்ப்பப்பையில் துளை விழுவது உண்டு.

மருந்தாளுநர்:

"பீரியட்ஸ் வர மாத்திரை" கேட்டு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: மாதவிடாய்க் கோளாறுக்குத் தரும் ஹார்மோன் மாத்திரையான நாரெதிஸ்டிரோன் கருவைக் கலைக்காது, அவசர கருத்தடை மாத்திரையும் கலைக்காது. இவற்றைப் போட்டு ஒரு வாரம் காத்திருப்பது வீண். கிட் டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. அட்டையில் ஐந்தும் இருக்கிறதா, காலாவதி தேதி என்ன என்று பாருங்கள். உதிரியாக வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

குடும்பநல ஆலோசகர்:

கையெழுத்து பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டம் கேட்பதில்லை, திருமணம் ஆகாதவருக்கும் உரிமை உண்டு. 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், வந்த பெண்ணின் விவரத்தை அவர் வெளியே சொல்லவும் கூடாது. குடும்பக்கட்டுப்பாடு செய்தால்தான் கலைப்போம் என்று நிபந்தனை வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

மகப்பேறு வார்டு செவிலியர்:

மாத்திரை போட்டவர்கள் பதினைந்தாம் நாள் கட்டாயம் வாருங்கள். அதற்கு முன் வீட்டில் சிறுநீர் பரிசோதனை செய்து இரண்டு கோடு பார்த்துப் பதற வேண்டாம், ஹார்மோன் இறங்க நான்கு வாரம்கூட ஆகும். கருமுட்டையோ எட்டு, பத்து நாளிலேயே மறுபடி வெளிவரலாம். அதனால் கருத்தடைக்குக் காப்பர் டி வேண்டும் என்றால் சக்‌ஷன் முடிந்த கையோடு போட்டுவிடுவோம். மாத்திரை எடுத்தவர்களுக்கு, முழுசாக வெளியேறியது என்று உறுதியான பிறகுதான்.