சூடானால் நின்றுவிடும் பழைய கார்: இக்னிஷன் காயிலா, பெட்ரோல் பம்ப்பா?

1996 மாடல், 796 சிசி, கார்புரேட்டர் வண்டி. மதுரையில் வீட்டு வாசலில் வைத்து நானே வேலை பார்க்கிறேன். காலையில் ஒரே சாவியில் கிளம்பிவிடும். 20 நிமிடம் ஓடி எஞ்சின் சூடானதும், அதுவும் சரியாக சிக்னலில் நிற்கும்போது, இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் பானட்டைத் திறந்து வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மூன்று வாரமாக இதே கதை.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், பெட்ரோல் ஃபில்டர், மூன்று பிளக், இக்னிஷன் கண்டென்சர் எல்லாம் புதுசு, பொறியை நேரத்துக்கு வரவைக்கும் பாயின்ட்டின் இடைவெளியும் பார்த்தாயிற்று. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. நேற்று நின்றபோது பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பொறி மஞ்சளாக, மெலிசாக வந்தது; அதனால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் மேல் சந்தேகம். ஆனால் பெட்ரோல் குழாயும் கை வைக்க முடியாத சூடு; அதனால் பம்ப் மேலும் சந்தேகம்.

காயில் மட்டும் பழசு. அதை மாற்றுமுன், கோளாறு காயிலிலா பம்ப்பிலா என்று வீட்டிலேயே எப்படி உறுதி செய்வது?